கடல் கடந்து ஆடிய இரண்டு ஆட்டங்கள்

நண்பர்களே, வணக்கம்.

இன்று நான் பேசப்போவது பனித்தரையில் சறுக்கியபடி ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றி. குறிப்பாக, அமெரிக்க அணிகளும் கனடா அணிகளும் சேர்ந்து ஆடும் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) பற்றி. 1997 அக்டோபரில் வான்கூவர் அணியும் அனாஹெய்ம் அணியும் டோக்கியோவுக்குப் போய், புள்ளிப் பட்டியலில் சேரும் ஆட்டங்களையே அங்கே ஆடின. அதுதான் தொடக்கம். அதன் பிறகு லண்டன், பிராக், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, பெர்லின் என்று பல அணிகள் போய் வந்துவிட்டன. இப்படிப் போவதால் அந்த அணிகளுக்கு என்ன லாபம் என்று பலரும் கேட்கிறார்கள்.

கேட்டதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒரு கணக்கைத்தான். 2008-இல் பிட்ஸ்பர்க் ஸ்டாக்ஹோமில் சீசனைத் தொடங்கியது. அந்த சீசனின் ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக்கின் சாம்பியன் கோப்பை, பிட்ஸ்பர்க்குக்கு. 2009-இல் சிகாகோ ஹெல்சின்கியில் தொடங்கியது, கோப்பை சிகாகோவுக்கு. 2010-இல் பிராகில் தொடங்கிய பாஸ்டன், 2011-இல் ஸ்டாக்ஹோமிலும் பெர்லினிலும் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ்... அதே கதைதான். தொடர்ந்து நான்கு வருடம், ஐரோப்பாவில் சீசனைத் தொடங்கிய ஓர் அணியே கோப்பையைத் தூக்கியது. கேட்கவே உடம்பு சிலிர்க்கிறது, இல்லையா?

ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அந்த நான்கு அணிகளும் ஐரோப்பாவில் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் வென்றன, ஒன்றில் தோற்றன. பிட்ஸ்பர்க் அதே சீசனின் பிப்ரவரியில் பயிற்சியாளரை மாற்றியது. லாஸ் ஏஞ்சலஸ் டிசம்பரிலேயே மாற்றிவிட்டது. ஐரோப்பா போய்வந்த பலத்தில் ஓடிய அணிகள் என்றால் நடுவழியில் பயிற்சியாளரை ஏன் அனுப்ப வேண்டும்? இன்னொன்று, பிட்ஸ்பர்க் அதற்கு முந்தைய சீசனிலேயே இறுதிச்சுற்று வரை போன அணி. ஏற்கெனவே பலமாக இருந்த அணிகளும் அந்தப் பயணப் பட்டியலில் இருந்தன, அவ்வளவுதான். 2008-இல் பிராகுக்குப் போன டாம்பா பே கதையை யாரும் சொல்வதில்லை. அந்த சீசனில் அது கடைசிக்கு முந்தைய இடத்தில் முடிந்தது. 2009-இல் செயின்ட் லூயிஸ், ஸ்டாக்ஹோமில் டெட்ராய்ட்டை இரண்டு ஆட்டத்திலும் வீழ்த்தியது. ஆனால் அந்த சீசனில் ப்ளேஆஃபுக்கே, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கே, அது தகுதி பெறவில்லை.

அதனால் கோப்பைக் கணக்கை நான் ஏற்கவில்லை. சரி, அப்படியானால் இந்தப் பயணம் ஓர் அணியை என்னதான் செய்கிறது?

முதலில் உடம்பைப் பார்ப்போம். டொரொன்டோவில் இரவு ஏழு மணி என்றால் ஸ்டாக்ஹோமில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. கிழக்கு நோக்கிப் பறப்பது உடம்புக்குக் கூடுதல் கஷ்டம், ஏனென்றால் பழகிய நேரத்துக்கு முன்பே தூங்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். அணிகள் சில நாள் முன்பே போய் இறங்கிவிடுகின்றன. ஆடப்போகும் இரண்டு அணிகளுக்கும் அதே களைப்புதான் என்பதால் அங்கே அநியாயம் ஒன்றும் இல்லை. சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். ஐரோப்பிய நேரத்துக்குப் பழகிய வீரருக்கு அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும்; மாலை ஏழு மணிக்கு, பக் எனும் ரப்பர் வட்டு தரையில் விழுந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில், கண் சொக்கும். எதிரில் நிற்பவரோ சொந்த ஊரில் தூங்கி எழுந்து வந்தவர். போன நாள்களை ஈடுகட்ட மிச்ச அட்டவணையும் நெருக்கமாகிவிடுகிறது. திரும்பிய அணிக்குப் போதிய ஓய்வு நாள் தராமல் அட்டவணை போடுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்த ஓய்வு சலுகை அல்ல, உரிமை.

பணம்? அதில் அணியைவிட லீக்குக்குத்தான் ஆதாயம் அதிகம். ஹாக்கி வருமானத்தை வீரர்களும் உரிமையாளர்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது 2013 ஒப்பந்தத்திலிருந்து வழக்கம். புதிய நாட்டில் புதிய ரசிகர் சேர்ந்தால் அதன் பலன் எல்லா அணிகளுக்கும் போகும். அலைச்சல் மட்டும் போய்வந்த அணிக்கு. இதில் நாம் மறந்துவிடுகிற இன்னொருவர் இருக்கிறார், சொந்த ஊர் ரசிகர். தன் அரங்கில் நடக்க வேண்டிய ஓர் ஆட்டம் வெளிநாட்டுக்குப் போனால் அவருக்கு ஒரு மாலை போகிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அணிகள் போகத்தான் வேண்டும் என்கிறேன். ஏன் என்றால், 2017 நவம்பரில் கொலராடோவும் ஒட்டாவாவும் ஸ்டாக்ஹோம் போனதை நினைத்துக்கொள்கிறேன்.

கொலராடோ அப்போது அடிபட்ட அணி. முந்தைய சீசனில் 82 ஆட்டங்களில் வெறும் 48 புள்ளி. அதன் நட்சத்திர வீரர் மாட் டுஷேன், வேறு அணிக்குப் போகும் பேச்சு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. நவம்பர் 5 அன்று, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவரைக் களத்திலிருந்து வெளியே அழைத்து ஒட்டாவாவுக்கு அனுப்பினார்கள். ஐந்தே நாளில், ஸ்டாக்ஹோமில், அவர் பழைய தோழர்களுக்கு எதிராகப் புதிய சட்டையில் நின்றார். கொலராடோ கேப்டன் கேப்ரியல் லாண்டெஸ்கோக் ஸ்டாக்ஹோமிலேயே பிறந்தவர். ஒட்டாவா கேப்டன் எரிக் கார்ல்சனும் சுவீடன்காரர். அந்நாட்டுப் பிள்ளைகள் அவர்களை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து திரையில் மட்டுமே பார்த்தவர்கள். அந்த இரண்டு நாளும் நேரில், தூங்கப்போகும் நேரத்துக்கு முன்பே பார்த்தார்கள்.

வீட்டில் இருந்தால் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு வீரரும் தன் காரில் ஏறிப் போய்விடுவார். வழக்கமான வெளியூர்ப் பயணத்தில் இறங்கி, ஆடி, அந்த இரவே அடுத்த ஊருக்குப் பறப்பார்கள். இரண்டே ஆட்டத்துக்காக ஒரே ஊரில் பல நாள் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து நடந்து திரிய ஒரு சீசனில் வேறு எங்கே வாய்ப்பு? முக்கியமான ஒருவர் பிரிந்துபோன ஓர் இளம் அணிக்கு அந்த நாள்கள் எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆட்டக் கணக்கில் வென்றது ஒட்டாவாதான், இரண்டிலும் 4-3. ஆனால் ஒட்டாவா அந்த சீசனை 31 அணிகளில் 30-ஆவதாக முடித்தது. இரண்டிலும் தோற்ற கொலராடோ, சீசனின் கடைசி ஆட்டத்தில் செயின்ட் லூயிஸை வென்று ப்ளேஆஃபுக்குள் நுழைந்தது. கொலராடோவுக்கு 95 புள்ளி, வெளியே நின்ற செயின்ட் லூயிஸுக்கு 94. ஸ்டாக்ஹோமின் முதல் ஆட்டம் கூடுதல் நேரத்தில்தான் கைவிட்டுப் போனது. அப்படித் தோற்றால் லீக் விதிப்படி ஒரு புள்ளி உண்டு. அந்த ஒரு புள்ளியும் 95-க்குள் இருக்கிறது.