இரும்பை அழுத்தினால் என்ன ஆகும்?

அவையோருக்கு வணக்கம்.

மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரம் ஓடுவதுதான் மீகடத்தல். அதற்கு எலக்ட்ரான்கள் இணை சேர வேண்டும். காந்தம் அந்த இணைகளைக் கலைத்துவிடும் என்பதுதான் பழைய பாடம். 2001-ல் ஜப்பானில் சுத்தமான இரும்பையே நெருக்கிப் பார்த்தார்கள். சுமார் 15 ஜிகாபாஸ்கலைத் தாண்டியதும், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்றரை லட்சம் மடங்கில், இரும்பு தன் காந்தத்தை இழந்தது; 2 கெல்வின் அருகே, அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரில், மீகடத்தியும் ஆனது. காந்தம் விலகினால் மீகடத்தல் வரும். சரி, கணக்கு முடிந்தது என்றே தோன்றும்.

முடியவில்லை. இரும்பு செலினைடைப் பாருங்கள். இரும்பும் செலினியமும் மட்டுமே கொண்ட எளிய படிகம் இது. 2008-ல் தைவானில் இதன் மீகடத்தலைக் கண்டுபிடித்தபோது அது தொடங்கிய வெப்பநிலை வெறும் 8 கெல்வின். சாதாரண அழுத்தத்தில் காந்த ஒழுங்கு, அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள் வரிசையாக அணிவகுப்பது, இதில் கிடையாது. 90 கெல்வினில் அணுக்களின் அடுக்கான அணிக்கோவையின் சதுரம் லேசாகக் கோணி நீள்சதுரமாகும், அவ்வளவுதான். ஆனால் 1 ஜிகாபாஸ்கலை நெருங்கும்போது, இல்லாத காந்த ஒழுங்கு புதிதாகப் பிறக்கிறது! அழுத்தினால் காந்தம் சாகும் என்றல்லவா நினைத்தோம்? அதோடு நிற்கவில்லை. மேலும் அழுத்த, காந்த ஒழுங்கும் மீகடத்தலும் தொடங்கும் வெப்பநிலைகள் ஒரே படிகத்தில் சேர்ந்தே ஏறுகின்றன. 6 ஜிகாபாஸ்கல் வாக்கில் காந்த ஒழுங்கு மறைகிறது. மீகடத்தல் 38 கெல்வினைத் தொடுகிறது. வேற்று அணு எதையும் கலக்காமலே, அழுத்தத்தால் மட்டுமே நாலு மடங்குக்கும் மேல்! என்னைக் கேட்டால், காந்தத்தையும் மீகடத்தலையும் வெறும் பகைவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எலக்ட்ரான்களை இணைக்கும் பசையே காந்த அலைவுகளாக, அதாவது அந்தக் குட்டிக் காந்தங்களின் தடுமாற்றமாக, இருக்கலாம் என்று பலர் கருதுவது இதனால்தான்.

அப்புறம், எவ்வளவு அழுத்தினோம் என்பது மட்டும் போதாது. எதற்குள் வைத்து அழுத்தினோம் என்பதும் முக்கியம். கால்சியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த ஒரு படிகம் உண்டு. குளிரில் உறைந்து இறுகும் திரவத்தில் வைத்து அழுத்தியபோது அது மீகடத்தியானது. உறைந்தாலும் மென்மை குறையாத ஹீலியத்தில் வைத்து எல்லாப் பக்கமும் சீராக அழுத்தினார்கள். மீகடத்தல் காணவே இல்லை. முன்பு தெரிந்தது சீரற்ற அழுத்தத்தின் விளைவு. அதனால்தான் இரும்பு செலினைடின் அந்த 38 கெல்வினை, ஆறு திசைகளிலிருந்தும் ஒருசேர நெருக்கும் அழுத்தப் பொறியில் வைத்து அளந்தார்கள்.