ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் பிரேக்கைக் கேட்கும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஒரு தோட்டப் பாடசாலைக்கு வகுப்பறை வேண்டும், ஓர் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வேண்டும் என்று ஐம்பது பேர், நூறு பேர் கூடி நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி நிதி சேர்ப்பது நல்ல காரியம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள்; பலருக்கு நினைவிருக்கும். அதையே நம் மலைநாட்டில் சைக்கிளில் செய்வதானால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் கம்பளையில் புறப்பட்டு, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா. அறுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மறுநாள் ஹக்கல, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, அங்கிருந்து வெல்லவாய. அது 80 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த முடக்குகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். பஸ்ஸில் போகும்போது வயிறு புரட்டுகிற அதே முடக்குகள்தான்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் உயரம் சுமார் 1,400 மீற்றர். பழகியவர்கூட மணிக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றர்தான் ஏறுவார். ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் நேரம் தனி. அதனால்தான் விடியற்காலை ஐந்தரைக்கே புறப்படச் சொல்வது. பின்னேரமானால் இறம்பொடைக்கு மேலே பனிமூட்டம் இறங்கிவிடும்.

ஏற்றத்துக்கு ஒரே விதிதான்: மெல்லிய கியர். முன்பக்கப் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் பின்பக்கத்தின் பல் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும், முன்னே 34 என்றால் பின்னே 32 அல்லது 34. நிமிடத்துக்கு அறுபது சுற்றாவது மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே போனால் முழங்கால்தான் விலை கொடுக்கும். கியர் இல்லாத சைக்கிள் என்றால் பின்னாலிருக்கும் 18 பல் ஃப்ரீவீலை, அதாவது பின் சில்லின் பற்சக்கரத்தை, கழற்றி 22 பல்லுடையதைப் போடலாம். செயினில் ஒரு சோடி லிங்க் கூட்ட வேண்டிவரும். அப்போதும் சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுவதில் வெட்கமே வேண்டாம்.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு போதும். யாரைக் கேட்டாலும் ஏற்றத்தைத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் நடப்பதில் மோசமானது, களைத்து உட்கார்ந்துவிடுவது. இறக்கத்தில் நடப்பது அப்படி அல்ல. அதனால் இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன்.

எல்லயிலிருந்து வெல்லவாய வரை 27 கிலோமீற்றர். அதற்குள் சுமார் 850 மீற்றர் கீழே இறங்குகிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பெரிய கேத்தல் என்று வையுங்கள். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் காற்று வாங்குவது குறைவு. மிச்சமெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாகச் சேரும். பயந்து பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவரின் ரிம்தான் அதிகம் கொதிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைப்பாதையில் லொறிகளுக்கு எழுதிவைத்திருப்பார்கள், குறைந்த கியரில் செல்க என்று. அது லொறிக்குச் சரி, அங்கே எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். சைக்கிளில் எந்தக் கியரைப் போட்டாலும் ஒரு துளி வேகமும் குறையாது. மிதிக்காவிட்டால் ஃப்ரீவீல் சும்மா சுற்றும், அவ்வளவுதான். லொறிச் சாரதிக்கு இருக்கும் இரண்டாவது கை நமக்கு இல்லை. நமக்கு இருப்பது இரண்டு பிரேக் மட்டும்.

ரிம் கொதித்தால் என்ன ஆகும்? டியூப்பில் உள்ள காற்று விரிந்து அமுக்கம் கூடும். ஒட்டுப் போட்ட டியூப் என்றால் ஒட்டுத் துண்டின் பசை இளகும். சில வேளை டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து வெடிக்கும். முன் டயர் ஒரு முடக்கில் வெடித்தால் அதற்குப் பிறகு ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை. டிஸ்க் பிரேக்கில் டியூப் தப்பும். ஆனால் அதிலும் கட்டை கண்ணாடிபோல் மினுங்கிப் பிடி குறைந்துவிடும்.

ஆகவே விட்டு விட்டுப் பிடியுங்கள். முடக்குக்கு முன்பு, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு விட வேண்டும். விட்ட அந்த நொடிகளில்தான் காற்று ரிம்மை ஆற்றும். முடக்குக்குள் போன பிறகு பிடிக்கவே கூடாத அளவுக்கு முன்னதாகவே பிடித்து முடித்துவிடுங்கள். நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதைப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின் சில்லு பூட்டி இழுபடும். உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். முடக்கில் வெளிப்பக்கத்து மிதி கீழே இருக்கட்டும். பார்வை முன் டயரில் அல்ல, முடக்கு முடியும் இடத்தில்.

பத்து நிமிடம் தொடர்ந்து இறங்கினால் ஓரிடத்தில் நிறுத்துங்கள். ரிம்மை விரலால் தொடாதீர்கள், சுட்டுவிடும். போத்தலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறினால் கொஞ்சம் ஆறவிட்டுப் புறப்படுங்கள். இராவணன் நீர்வீழ்ச்சியடியில் எப்படியும் எல்லோரும் படம் எடுக்க நிற்பார்கள். அதையே பிரேக் ஆறும் இடமாக ஏற்பாட்டாளர்கள் வைத்துக்கொள்ளலாம்.

மழை வந்துவிட்டால் கணக்கே வேறு. பழைய சைக்கிள்களின் குரோம் பூசிய இரும்பு ரிம், நனைந்தால் பிடிப்பதே இல்லை என்று சொல்லலாம். அலுமினிய ரிம் பரவாயில்லை. ஆனாலும் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். எனவே மழையில் முன்கூட்டியே ஒருமுறை மெதுவாகப் பிடித்துத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளைக் கோட்டில் ஏறாதீர்கள். வெலிமடைப் பக்கம் மரக்கறி லொறியிலிருந்து விழுந்த கோவா இலையும், எங்கும் கசிந்திருக்கும் டீசலும் ஈரத்தில் சவர்க்காரம். ஓரத்தில் ஆழமான கான் இருக்கும், அதை ஒட்டி ஓடக் கூடாது. எதிரே வரும் பஸ் முடக்கில் நம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஹோன் கேட்டால் அது நமக்குத்தான்.

புறப்படுவதற்கு முதல் வாரம் செய்ய வேண்டியது இது. பிரேக் கட்டையில் வெட்டு அடையாளம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தேயாவிட்டாலும் கழற்றிப் பாருங்கள், உள்ளே குத்தியிருக்கும் உலோகத் துகளை ஊசியால் எடுத்து, உப்புத்தாளால் தேயுங்கள். கேபிள் அறுவது பெரும்பாலும் பிடிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதிது போடுங்கள். டிஸ்க் என்றால் கை எண்ணெய்கூட அதில் படக் கூடாது. இன்னொன்று, மெல்லிய வால்வு உள்ள டியூப்பைச் சின்னப் பட்டணத்துக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு இரண்டு டியூப்பும், சாதாரண பம்பால் காற்றடிக்க அந்த வால்வில் பூட்டும் பித்தளை மூடியும் கையோடு இருக்கட்டும்.

கை விறைப்பதையும் பிரேக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வியர்வையில் ஊறிய சட்டையோடு அங்கிருந்து ஹக்கல பக்கம் இறங்கினால் விரல் மடங்காது. மடங்காத விரல் பிரேக் பிடிக்காது. உச்சியில் உலர்ந்த சட்டை மாற்றி, நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு செய்தித்தாளை மடித்து வையுங்கள். கையுறை கட்டாயம்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் அரை மணியிலிருந்தே சிறுகச் சிறுகச் சாப்பிட வேண்டும். மணிக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு துண்டு தேங்காய் ரொட்டியும் கொஞ்சம் கித்துள் கருப்பட்டியும். தண்ணீர் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது. ஜீவனி என்ற உப்புக்கரைசல் பொதியைக் கரைப்பதானால் பொதியில் சொன்ன ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும், தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைக்க வேண்டாம்.

காலம்: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் தை முதல் பங்குனி வரை. ஊவாப் பக்கம் மட்டும் என்றால் ஆனி முதல் ஆவணி. அப்போது மழை குறைவு, காற்று பலம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். புறப்படும் நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, அந்தப் பிரதேசம் அதில் இருந்தால் தயங்காமல் ஒத்திவையுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்குகிறது. ஏற்பாட்டாளர்களுக்கு வேகமாக: எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்புங்கள், இறக்கத்தில் ஆளுக்கு ஆள் முப்பது மீற்றர் இடைவெளி. வழியிலுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வான். அம்பியுலன்ஸுக்கு 1990, எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாப்பாடு, வான், தங்குமிடம் ஆகியவற்றை ஓட்டுபவர்களின் நுழைவுப் பணத்திலிருந்து செலவழியுங்கள். நன்கொடையாக வந்ததைத் தனிக் கணக்கில் போட்டு, ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு கொடுத்து, சேர்ந்த தொகையை அந்தப் பாடசாலை அறிவித்தல் பலகையிலேயே ஒட்டுங்கள். இறக்கத்தில் விட்டு விட்டுப் பிடியுங்கள். வணக்கம் நேயர்களே.