பயிற்சியாளர் கீ ரூ ஒரே கிளப்பில் 44 ஆண்டுகள் இருந்தது எப்படி? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன். நேயர் இப்படி எழுதியிருக்கிறார்: "ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெடில் 26 ஆண்டுகள், வெங்கர் ஆர்சனலில் 22 ஆண்டுகள் இருந்தார்கள் என்று போன காணொளியில் சொன்னீர்கள். பிரான்ஸில் கீ ரூ என்ற பயிற்சியாளர் ஒசேர் கிளப்பில் 44 ஆண்டுகள் இருந்ததாகப் படித்தேன். இது சாத்தியமா? அப்படிப்பட்டவரை 2007இல் வயதைக் காட்டி லீக் தடுத்தது என்றும் படித்தேன். ஒரு கிளப் யாரை வேலைக்கு வைக்கலாம் என்று லீக் எப்படிச் சொல்ல முடியும்?"

நல்ல கேள்வி. படித்தது சரிதான். 1961இல் பொறுப்பேற்றார், 2005இல் விலகினார். நடுவில் 1960களின் தொடக்கத்தில் ராணுவ சேவைக்குப் போன காலம் உண்டு. 2000-2001 சீசனில் டானியல் ரோலான் அணியைக் கவனித்துக்கொண்டார், அடுத்த சீசனில் கீ ரூ திரும்பிவிட்டார். இவற்றைக் கழித்தாலும் கணக்கு நாற்பதுக்குக் கீழே இறங்காது. முதல் டிவிஷனில் மட்டும் 890க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஃபெர்குசனோடும் வெங்கரோடும் அவரை ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் இருவரும் ஏற்கெனவே பெரிதாக இருந்த கிளப்புகளுக்கு வந்தவர்கள். கீ ரூ வந்தபோது ஒசேர் தொழில்முறைக் கிளப்பே இல்லை.

ஒசேர் என்பது பாரிஸுக்குத் தென்கிழக்கே, யோன் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய நகரம். மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தொடாது. பக்கத்திலேயே ஷாப்லி திராட்சைத் தோட்டங்கள். கிளப்பை 1905இல் தொடங்கியவர் அபே தெஷாம் என்ற பாதிரியார். இன்றும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். 1961இல் அணி வட்டார அளவில் ஆடிக்கொண்டிருந்தது. கீ ரூவுக்கு வயது 22. கொல்மாரில் பிறந்து, ஒசேருக்கு அருகில் உள்ள அப்புவாஞி என்ற ஊரில் வளர்ந்தவர். ஒசேரின் இளையோர் அணியில் ஆடியிருக்கிறார், பிறகு புவாத்தியே, லிமோஜ் கிளப்புகளில் ஆடியிருக்கிறார். பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பவராகச் சேர்ந்தார்.

அந்த நீண்ட காலத்தின் ரகசியம் பாதி இங்கேயே இருக்கிறது. பிரான்ஸில் தொழில்முறைக் கால்பந்து 1932இலேயே தொடங்கிவிட்டது. அந்த வட்டத்துக்குள் இருந்த கிளப்புகளில் பயிற்சியாளரின் நாற்காலி எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றால் பேச்சு கிளம்பும். வட்டத்துக்கு வெளியே இருந்த ஒசேரில் அந்த அவசரம் இல்லை. 1970இல் மூன்றாம் டிவிஷன், 1974இல் இரண்டாம் டிவிஷன், 1980இல் முதல் டிவிஷன். வட்டார அளவிலிருந்து உச்சிக்கு வர 19 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர் மீது பாரிஸ் பத்திரிகைகளின் வெளிச்சம் விழவில்லை. தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் நேரம் கிடைத்தது. மேலே வந்து சேர்ந்தபோது கிளப்பில் அவர் தொடாத மூலையே இல்லை.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும், பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜான்-குளோத் அமெல். 1963 முதல் 2009 வரை ஒசேர் கிளப்பின் தலைவர். தலைவர் மாறினால் பயிற்சியாளர் மாறுவார் என்பது கால்பந்தில் எழுதாத சட்டம். இங்கே தலைவர் மாறவே இல்லை. கீ ரூவின் சாதனையில் பாதியை அமெல் பெயரில் எழுதினால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை.

1979இல் நடந்ததைப் பாருங்கள். ஒசேர் அப்போது இரண்டாம் டிவிஷன் அணி. பிரெஞ்சுக் கோப்பையில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. எதிரே நாந்த், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. கூடுதல் நேரம் வரை இழுத்துப்பிடித்து 4-1 என்று தோற்றார்கள். பிரெஞ்சுக் கோப்பையின் அழகே இதுதான்: அதில் அமெச்சூர் கிளப்பும் உண்டு, தொழில்முறைக் கிளப்பும் உண்டு. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் போட்டி அது, தொழில்முறை டிவிஷன்களை நடத்தும் லீக் நடத்துவது அல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், 2007க்கு வரும்போது தேவைப்படும்.

முதல் டிவிஷனுக்கு வந்த பிறகு எப்படி நிலைத்தார்கள்? பணம் இல்லை. போலந்தின் உலகக் கோப்பை வீரர் ஷார்மாக் போன்ற ஓரிருவரைச் சரியான நேரத்தில் பிடித்தார்கள், அவர் கோல் அடித்துத் தள்ளினார். ஆனால் அடித்தளம் இளையோர் பயிற்சி மையம்தான். 1970களில் பிரெஞ்சுத் தொழில்முறைக் கிளப்புகள் பயிற்சி மையம் நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. பலர் அதை விதிக்காகச் செய்தார்கள். கீ ரூ அதைக் கிளப்பின் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டார். 18 வயதுக்குட்பட்டோருக்கான கம்பர்தெல்லா கோப்பையை 1982, 1985, 1986 ஆண்டுகளில் ஒசேர் வென்றது.

எரிக் கன்டோனா அங்கே வளர்ந்தவர். பதின்ம வயதில் மார்செய் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார், 1983இல் முதல் ஆட்டம், 1988இல் மார்செய் கிளப்புக்கு விற்கப்பட்டார், அன்றைய பிரெஞ்சுச் சாதனை விலைக்கு. பாசில் போலியும் ஒசேர் பிள்ளைதான். 1990இல் மார்செய்க்குப் போனார், 1993இல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மார்செய்க்காக வெற்றி கோல் அடித்தார். பிறகு மெக்ஸெஸ், ஜிப்ரில் சிஸே, சான்யா என்று பட்டியல் நீளும். நாற்றங்காலில் விதைத்து, வளர்த்து, நல்ல விலைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் அடுத்த விதைப்பு. இதுதான் ஒசேரின் கணக்குப் புத்தகம்.

பிள்ளைகளை அவர் எப்படிக் கட்டுப்படுத்தினார் என்பதற்குப் பிரான்ஸில் நிறைய கதைகள் உண்டு. இரவில் பாரிஸுக்கு ஓட்டிப் போகும் வீரர்களைப் பற்றி நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி ஊழியர்களே அவருக்குச் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். காரின் கிலோமீட்டர் அளவைப் பார்த்து வைப்பாராம். எத்தனை கதை நடந்தது, எத்தனை கட்டியது என்பது வேறு விஷயம். கஞ்சத்தனத்துக்கும் பேர் போனவர், அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சி விளம்பரங்களில் நடித்தபோது அந்தப் பெயரையே மூலதனமாக்கிக்கொண்டார். எனக்கு அவரிடம் பிடித்த குணம் இது. பிடிக்காதது, இளம் வீரர்களின் தனி வாழ்க்கைக்குள் அந்த அளவுக்குத் தலை நுழைத்தது. இன்று எந்த வீரர்கள் சங்கமும் அதை ஒப்புக்கொள்ளாது.

ஆட்டமுறையிலும் அதே பிடிவாதம். மூன்று முன்கள வீரர்கள், இரண்டு ஓரங்களிலும் வேகமான ஆட்கள், பின்னால் ஆளுக்கு ஆள் காவல். ஐரோப்பா முழுவதும், ஆளை விட்டு அவரவர் பகுதியைக் காக்கும் மண்டலக் காவலுக்கு மாறிய பிறகும் ஒசேரில் தடுப்பாட்டக்காரர் தனக்குக் கொடுக்கப்பட்ட எதிராளியின் நிழலாகவே ஓடினார். பழைய முறை என்று கேலி செய்தார்கள். 1993இல் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையின் காலிறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸை வெளியேற்றியபோது கேலி நின்றது. அரையிறுதியில் ஜெர்மனியின் டார்ட்மண்டில் 0-2, சொந்த மைதானத்தில் 2-0, கடைசியில் பெனால்ட்டியில் தோல்வி.

1996தான் உச்சம். லீக் பட்டம், கூடவே பிரெஞ்சுக் கோப்பை. லோரான் பிளான், சப்ரி லமூஷி, கொரந்தான் மார்தின்ஸ் எல்லாம் இருந்த அணி. கோப்பை இறுதியில் மூன்றாம் நிலை கிளப்பான நீமை 2-1 என்று வென்றார்கள். 1979இல் கீழிருந்து வந்தவர்கள் இப்போது மேலே நின்று கீழிருந்து வந்தவர்களைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மறுபடியும் டார்ட்மண்ட், மறுபடியும் தோல்வி. அந்த டார்ட்மண்ட்தான் அந்த ஆண்டின் சாம்பியன்.

ஆனால் அதே வேளையில் அவர் காலடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் தீர்ப்பை வழங்கியது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு கிளப்புக்குப் போனால் பழைய கிளப் இடமாற்றக் கட்டணம் கேட்க முடியாது. வழக்குப் போட்ட பெல்ஜியத்து வீரர் போஸ்மான் அன்று போக நினைத்தது எங்கே தெரியுமா? பிரான்ஸின் டன்கர்க் கிளப்புக்கு. அந்தச் சிறிய வழக்கு வளர்த்து விற்கும் கிளப்புகளின் அடிவயிற்றில் அடித்தது. அதற்குப் பிறகும் ஒசேர் 2003இலும் 2005இலும் கோப்பை வென்றது, 2002 அக்டோபரில் வெங்கரின் ஆர்சனலை லண்டனிலேயே 2-1 என்று வென்றது. ஆனாலும் லீக் பட்டம் திரும்ப வரவில்லை. 1984இல் கனால் பிளஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து தொலைக்காட்சிப் பணம் பெருகிக்கொண்டே போனது. அது பெரிய நகரங்களின் பக்கம்தான் அதிகம் சாய்ந்தது. 2001இல் இதய அறுவைச் சிகிச்சை வேறு. 2005 ஜூனில் செடானை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய கையோடு ஓய்வை அறிவித்தார்.

சரி, இப்போது 2007. கேள்வியின் சுவையான பகுதி.

இரண்டு ஆண்டு ஓய்வுக்குப் பிறகு வடக்கே லான்ஸ் கிளப் அவரை அழைத்தது. வயது 68. லீக்கின் சட்டக் குழு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மறுத்தது. இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. பிரான்ஸில் விளையாட்டை நடத்தும் அதிகாரத்தை அரசு கூட்டமைப்புக்குக் கொடுக்கிறது. கூட்டமைப்பு ஓர் உடன்படிக்கை வழியாக முதல் இரண்டு டிவிஷன்களின் நிர்வாகத்தை லீக்கிடம் ஒப்படைக்கிறது. மூன்றாம் நிலையிலிருந்து கீழே எல்லாம் கூட்டமைப்பின் நேரடிப் பொறுப்பு. அந்த முதல் இரண்டு டிவிஷன்களில் வீரரோ பயிற்சியாளரோ கிளப்போடு போடும் ஒப்பந்தம் லீக்கின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். ஒப்புதலுக்கு அளவுகோல் தொழில்முறைக் கால்பந்து சாசனம். அது தொழிற்சங்க உடன்படிக்கை போன்றது: கிளப்புகளின் சங்கம், வீரர்கள் சங்கம், பயிற்சியாளர்கள் சங்கம் எல்லாம் சேர்ந்து எழுதியது. அதில் பயிற்சியாளருக்கு 65 வயது வரம்பு இருந்தது.

அதாவது அவரைத் தடுத்தது பயிற்சியாளர்களின் சங்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி. ஓய்வு வயது என்பது உழைப்பாளிகளின் உரிமை என்று ஒரு காலத்தில் எழுதப்பட்ட வரி, வேலை செய்ய விரும்பிய ஒருவரின் குறுக்கே வந்து நின்றது. பெரிய விவாதம் ஆயிற்று, இழுபறிக்குப் பிறகு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அவர் பணியில் சேர்ந்தார்.

சேர்ந்து என்ன ஆயிற்று? நான்கே லீக் ஆட்டங்கள். 2007 ஆகஸ்ட் 25, ஸ்ட்ராஸ்பூரில் 2-1 தோல்வி, அன்றே விலகிவிட்டார். ஜான்-பியேர் பப்பான் பொறுப்பேற்றார், அந்த சீசன் முடிவில் லான்ஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இதை வைத்து "பார்த்தீர்களா, லீக் சொன்னதுதான் சரி" என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயது அங்கே பிரச்சினை இல்லை. ஒசேரில் சமையல் கூடம் முதல் சுங்கச்சாவடி வரை அவர் கையில் இருந்தது. லான்ஸில் வேறொருவர் கட்டிய அணி, வேறொருவர் நடத்தும் கிளப், பெரிய மைதானம், காத்திராத கூட்டம். அவருடைய திறமை ஓர் இடத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறு எங்கே நட்டாலும், 68 வயதில் மட்டுமல்ல, 48 வயதிலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி ஒருவர் இப்படி 44 ஆண்டுகள் இருக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். பிரான்ஸின் முதல் இரண்டு டிவிஷன்களில் முடியாது என்றே நினைக்கிறேன். ஒசேரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2012இல், 32 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனை இழந்தது. 2016இல் சீன முதலீட்டாளர் கைக்குப் போனது. 2022இல் ஏறி, 2023இல் இறங்கி, 2024இல் மறுபடியும் ஏறியது. லீக் 1 எனப்படும் முதல் டிவிஷனில் இப்போது 18 கிளப்புகள்தான், முன்பு 20. இடம் குறைந்தால் இறங்கும் பயம் கூடும், பயம் கூடினால் முதலில் காலியாவது பயிற்சியாளரின் நாற்காலி. வட்டார லீக்குகளில், சம்பளம் இல்லாமல், சொந்த ஊர் கிளப்பை முப்பது நாற்பது ஆண்டுகள் நடத்துபவர்கள் இருக்கவே செய்வார்கள். அவர்களில் ஒருவரின் அணி ஒன்பது படி ஏறி மேலே வந்தால்தான் நமக்குப் பெயர் தெரியும்.

அடுத்த கேள்வி, கிளப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் குழு ஒரு கிளப்பைக் கீழே இறக்க முடியுமா என்பது. முடியும், இறக்கியும் இருக்கிறார்கள். அதைத் தனிக் காணொளியாகவே போடுகிறேன்.