"ஒண்ணுமில்ல சேர்"

வணக்கம் நேயர்களே. இருபது வருஷமாக மலையகத்துப் பாடசாலைகளில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். விளையாட்டில் தலையில் படும் அடியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பையனின் முகம்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து மைதானம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் காண். மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவராக நின்றது நான்தான். எகிறிய லெதர் பந்து ஒன்று, பதினான்கு வயசுப் பையனின் ஹெல்மெட்டில், காதுக்கு மேலே பட்டது. அவன் விழவில்லை, மயங்கவில்லை. "ஒண்ணுமில்ல சேர்" என்றான். நானும் ஆடவிட்டேன். அடுத்த ஓவரில் என் பக்கம் வந்து நின்று, "இன்னும் எத்தன ரன் சேர் வேணும்?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு பந்து கழித்து அதே கேள்வி. மூன்றாவது தடவையும் அதையே கேட்டபோதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். என்னைப் பார்த்தபடி நின்றான், ஆனால் பார்வை என்மேல் இல்லை. உடனே வெளியே கூட்டிப்போனேன். இடையில் போன அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

டவுனில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வருகிறோம். வளைவில் சட்டென்று பிரேக் போட்டால் சட்டி உடைவதில்லை. வீட்டில் திறந்து பார்த்தால் தயிர் கலங்கிப் போயிருக்கும். மூளையும் அப்படித்தான். கிட்டத்தட்ட 1.4 கிலோ எடை, நீர்மத்துக்குள் மிதக்கிற மெத்தென்ற உறுப்பு. அடிபட்ட வேகத்தில் அது மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது, திருகுகிறது. வெளியே காயமே இருக்காது. பெரும்பாலும் மயக்கமும் வராது. ஸ்கேன் எடுத்தால்கூட பல பேருக்கு ஒன்றும் தெரியாது. தலைவலி, தலைசுற்று, கண் மங்குவது, வெளிச்சம் கூசுவது, சொன்னதையே சொல்வது, காரணமில்லாத எரிச்சல் என்றுதான் வெளிப்படும்.

அதனால்தான் "ஆடுவியா?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள் என்கிறேன். அடிபட்டது எந்த மூளையோ, பதில் சொல்வதும் அதே மூளைதான். அதோடு, அணியை விட்டுப் போக எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கழுத்தில் பந்து பட்டது. வைத்தியர் பரிசோதித்த பிறகுதான் திரும்ப வந்து ஆடினார். மறுநாள் காலையில் மூளை குலுங்கிய அறிகுறிகள் தெரிந்தன, போட்டியிலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில், மூளை குலுங்கிய வீரருக்குப் பதிலாக இறங்கிய முதல் ஆள் அவர். வைத்தியர்கள் சூழ்ந்திருந்த அங்கேயே ஒரு இரவு கழித்துத்தான் தெரிந்தது என்றால், தோட்டத்து மைதானத்தில் நான் எதை நம்பிப் பிள்ளையை உள்ளே அனுப்புவது? சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

ஹெல்மெட்டைப் பற்றி. அது சட்டியைக் காப்பாற்றும், தயிர் குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அதற்காக வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மண்டை உடைந்து ரத்தம் கசிவதைத் தடுக்க அதைவிட வழியில்லை. எங்கள் பையில் ஒரே ஹெல்மெட்தான் இருந்தது. ஸ்பொஞ்ச் உதிர்ந்து, வார் தொளதொளத்து, எல்லாப் பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் போட்ட ஹெல்மெட். பலமான அடி வாங்கியதை மறுபடி பாவிக்கக்கூடாது. இன்னொன்று: சின்னப் பிள்ளைகளின் பந்து பெரியவர்களுடையதைவிடச் சிறியது. பெரியவர்கள் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டால், விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே பந்து நுழைந்து முகத்தில் படலாம். வாங்கும்போது பந்தைக் கொண்டுபோய் அந்த இடைவெளியில் வைத்துப் பாருங்கள். 2014 நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் இறந்தது ஹெல்மெட் மூடாத கழுத்துப் பக்கத்தில் பந்து பட்டு. பின்கழுத்தை மறைக்கும் காப்பு பரவலானது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் இருக்கிற அம்மாமாரே, அப்பாமாரே, அடிபட்ட அன்று இரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்கவிடலாம். இடையிடையே எழுப்பிப் பாருங்கள். வலிக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் எலும்பு மெல்லிசு, உள்ளே ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சில மணி நேரத்தில் நினைவு தப்பலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாவது, கைகால் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது, எழுப்பினாலும் எழும்பாமல் இருப்பது: இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நம் பாதைகளில் வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் முதல் அறிகுறியிலேயே அழையுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்காமல் கிடந்தபடியே வைத்திருங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஃபோன் பார்ப்பதையும் குறைக்க வேண்டும். பிறகு மெல்ல நடக்கலாம். முதலில் பாடம், அதற்குப் பிறகுதான் விளையாட்டு. ஓட்டம், பயிற்சி, கடைசியாக வைத்தியரின் அனுமதியோடு போட்டி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட வேண்டும். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் இளம் மூளை வீங்கி உயிரே போன சம்பவங்கள் உண்டு. அரிது, ஆனால் உண்டு.

எங்கள் பையன் ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தான். அன்றைய ஆட்டம் அவனுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. நாங்கள் வென்றதையும், அதில் அவன் அடித்த பன்னிரண்டு ஓட்டங்களையும் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.