கல்குலேட்டரில் பிழைத்த கணக்கு

லண்டனில் தமிழ்ப் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஓர் அப்பா கதிரையில் இருக்கவே இல்லை. நின்றபடியே கேட்டார்: "மிஸ், மகள் கிரிமினாலஜி எடுத்திருக்கிறாள். பொலிசில சேரவோ, கள்ளரோட பழகவோ?" மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்தான். அதற்குள் நான் சொல்லி முடிக்காததை இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

நிர்வாக விஷயத்தை முதலில் தள்ளிவிடுவோம். கிரிமினாலஜி என்றால் குற்றவியல்: குற்றம் ஏன் நடக்கிறது, சட்டம் அதற்கு என்ன செய்கிறது என்று பார்க்கிற பாடம். சிக்ஸ்த் ஃபோர்மில், அதாவது ஏ லெவல் (உயர்தரம்) படிக்கிற வகுப்புகளில், நான் படிப்பிக்கும் இந்த டிப்ளோமா இரண்டு வருடம், நான்கு பகுதி. இரண்டு பகுதிக்கு ஒன்றரை மணி நேர எழுத்துப் பரீட்சை. மற்ற இரண்டையும் வகுப்பிலேயே, மேற்பார்வையில், எட்டு மணி நேரம் இருந்து எழுத வேண்டும். வீட்டில் அக்கா எழுதிக் கொடுக்க வழியில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ லெவலுக்குரிய அதே புள்ளிகள். ஆனால் பெயரில் இது ஏ லெவல் இல்லை, ஆகவே விரும்பும் படிப்புக்கு இதை ஏற்கிறார்களா என்று முதலே பாருங்கள். டொக்டர் கனவுள்ள பிள்ளை இரசாயனவியலை விட்டுவிட்டு என்னிடம் வரவேண்டாம்.

இனி வகுப்புக்கு வருவோம். முதல் கிழமையில் எல்லாரையும் கல்குலேட்டரை எடுக்கச் சொல்வேன். 8543ஐ 8543ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 7.3 கோடி வரும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பினார்கள் என்பேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

அவர் சாலி கிளார்க், தொழிலில் சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி. இரண்டு ஆண் குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக, பிறந்து சில வாரங்களிலேயே இறந்தன. தாயே கொன்றார் என்று வழக்கு. பெயர்பெற்ற குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார்: இப்படி வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறப்பது 8543இல் ஒன்று, ஆகவே இரண்டு இறப்பது 7.3 கோடியில் ஒன்று. 1999 நவம்பரில் செஸ்டர் நீதிமன்றத்தில் ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட சாதாரண மக்கள், 12 பேரில் 10 பேர் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

பெருக்கல் சரி. பெருக்கியதுதான் பிழை. எங்கள் வீடுகளில் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்து மகனுக்கும் வந்தால் யாராவது ஆச்சரியப்படுகிறோமா? ஒரே இரத்தம், ஒரே சமையல். ஒரு குழந்தையைப் பறித்த காரணம், அது பரம்பரையோ வேறெதுவோ, அடுத்த குழந்தைக்கும் இருக்கலாம். தனித்தனிச் சம்பவம் என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் அது கணக்கே இல்லை.

இன்னொரு பிழையும் இருக்கிறது. இங்கே லோட்டோ என்ற லொத்தரில் முதற்பரிசு விழுவது 4.5 கோடியில் ஒன்று. விழுந்தவனைப் பிடித்து, "இவ்வளவு அரிதான விஷயம் தானாக நடக்காது, நீ கள்ளம் செய்தாய்" என்போமா? ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிது. இரண்டு அரிதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2001இல் ராயல் புள்ளியியல் சங்கமே இந்த எண்ணைக் கண்டித்தது. பிறகு, இரண்டாவது குழந்தைக்குக் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு சாலியின் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப்படாமலே கிடந்தது தெரியவந்தது. 2003 ஜனவரியில் விடுதலை. 2007இல் அவர் இறந்துவிட்டார்.

இதைப் படிப்பிக்கிற நாளில் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடாது.

டிஎன்ஏயைப் பற்றிப் பிள்ளைகளுக்கு டிவியில் பார்த்த எண்ணம் ஒன்று இருக்கும்: கள்ளனைப் பிடிக்கிற மந்திரக்கோல். லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு மாணவிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்திருந்த, டிஎன்ஏயை ஒப்பிடுகிற புது முறையில் பார்த்தால், அவன் இல்லை. ஆக, அந்த வழக்கில் டிஎன்ஏ முதலில் செய்தது ஒருவனை வெளியே விட்டதுதான். உண்மையான கொலையாளி 1988இல் தண்டிக்கப்பட்டான். செய்யாததை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு பாடவேளை போய்விடும்.

லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவரும் பாடத்தில் வருவார். பெரிய தாடை, நீண்ட கை, இவற்றை வைத்துப் பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று 1876இல் எழுதினார். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஹுடி போட்ட எந்தப் பையனைக் கண்டு நீங்கள் வீதியைக் கடந்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

பொலிசுக்கே போகாத குற்றங்களும் பாடத்தில் ஒரு பகுதி. வெட்கம், பயம், யாரிடம் போவது என்று தெரியாமை எல்லாம் காரணங்கள். உதாரணம் கேட்டேன். எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கை உயர்த்தினாள். "எங்கட சொந்தக்காரர் சீட்டுப் பிடிச்சவர், காசோட போயிட்டார். அம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை." வகுப்பில் யாருக்கும் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது. அவள் பலகைக்குப் போய், ஆள், மாதம், கழிவு எல்லாம் எழுதி விளக்கினாள். அம்மா ஏன் சொல்லவில்லை என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். இந்த மண்டபத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கதிரையில் இருக்காத அந்த அப்பாவை விட்டுவிட்டேன். பிறகு அவருக்கே ஜூரிக் கடமைக்குக் கடிதம் வந்திருக்கிறது. உறையைப் பிரிக்காமல் மூன்று நாள் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். "இங்கிலிஷ் போதாது எண்டு எழுதிப் போடு" என்று மகளிடம் கொடுத்தால், அவள் கடையில் அவர் சப்ளையருடன் போனில் சண்டை பிடிக்கிற இங்கிலிஷை ஞாபகப்படுத்தினாளாம். "12 பேரில நீங்களும் ஒராள் அப்பா" என்றுவிட்டு, வருவதாகப் பதில் போட்டாளாம். அந்தக் கிழமை முழுக்க மகளுடைய கொப்பி அவர் கையில்தானாம், அவளே வந்து சொன்னாள்.