கான்கிரீட் விழறதுக்கு முந்தின சாயங்காலம்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

ரூஃப் போடற நாள் எப்படி இருக்கும்னு வீடு கட்டுனவங்களுக்குத் தெரியும். தேங்காய் உடைச்சு மிக்சர் ஓட ஆரம்பிச்சா அப்புறம் யார் சொன்னாலும் நிக்காது. அதனால நான் பேசப்போறது அதுக்கு முந்தின சாயங்காலத்தைப் பத்தி. கம்பி கட்டி முடிச்சாச்சு, கான்கிரீட் இன்னும் விழல. தப்பைக் கண்ணால பார்க்க முடியறது அப்பத்தானுங்க. அன்னிக்கு வந்து பார்க்கறவர் என்ன தெரிஞ்சவரா இருக்கணும்?

பல்லடம் பக்கம் எங்க சித்தப்பா வீடு. பார்த்துச் சான்று தர ஒருத்தர் வந்தார். பைக் சீட்டு மேலயே பிளானை விரிச்சுக் கையெழுத்துப் போட்டார். ஏணியில கால் வைக்கல. அவர் போனதும் நான் மேல ஏறினேன். பீமுக்குள்ள நீளக் கம்பிகளைச் சுத்திக் கட்டற ரிங்கோட முனையெல்லாம் நேரா, 90 டிகிரியில மடிச்சு விட்டிருந்தது. பூகம்பத்தைத் தாங்கற கான்கிரீட் கட்டடத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920 கேக்கறது 135 டிகிரி, அதாவது முனை உள்பக்கமாத் திரும்பி நிக்கணும். பை மாட்டற கொக்கியை நினைச்சுக்கங்க, நல்லா உள்ளே வளைஞ்சிருந்தாத்தான் பை நழுவாது. பூமி அதிர்ந்து வெளிக் கான்கிரீட் உதிர்ந்தா, நேரா மடிச்ச ரிங்கு வாயைப் பிளந்துடும். இங்க எங்கீங்க பூகம்பம்னு கேப்பீங்க. 1900 பிப்ரவரி 8-ல கோயமுத்தூர் அதிர்ந்திருக்குதுங்க. 2002 பூகம்ப வரைபடத்துல நம்ம ஊர் மூணாவது மண்டலம், அதாவது மிதமான ஆபத்து உள்ள பகுதி.

அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் கம்பி கட்டறவங்களோட உட்கார்ந்து, பைப்பை மாட்டி மாட்டி ஒவ்வொரு முனையா உள்ளே மடிச்சோம். சித்தப்பா டார்ச் பிடிச்சுட்டு நின்னார்.

அமெரிக்காவுல இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்னு ஒரு அமைப்பு, இப்படி வந்து பரிசோதிக்கறவங்களுக்குத் தேர்வு வெக்குது. வீட்டைப் பரிசோதிக்கறவருக்கு ஒண்ணு, பிளம்பிங்குக்கு ஒண்ணு, கரண்ட்டுக்கு ஒண்ணு. புத்தகத்தைத் திறந்து வெச்சே எழுதலாமுங்க. மனப்பாடம் வேண்டியதில்ல, எந்த விதி எங்க இருக்குன்னு தெரியணும். சான்று மூணு வருஷத்துக்குத்தான், மேற்கொண்டு படிச்சுத்தான் புதுப்பிக்கணும்.

நம்ம தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்லயும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், தரத் தணிக்கையாளர்னு பதிவு பண்ணினவங்க இருக்காங்க. நல்ல ஏற்பாடு. ஆனா அந்தப் பதிவுக்குப் பட்டமும் அனுபவமும் மட்டும் போதாதுன்னு நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டு வர்றேன். கையில ஒரு டேப்பைக் கொடுத்து, கான்கிரீட்டைத் தாங்கற பலகைத் தட்டு, அதான் சென்ட்ரிங், அது மேல ஏத்தி விட்டு, கம்பிக்கு அடியில இடைவெளி விட வெக்கற கவர் பிளாக் எங்க விட்டுப்போச்சு, ரிங்கு எங்க தப்புன்னு காட்டச் சொல்லணும். மறுபடியும் சொல்றேனுங்க, தேர்வு சென்ட்ரிங் மேல நடக்கணும். சென்னை மௌலிவாக்கத்துல 2014-ல கட்டிட்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 உசுரு போச்சு.

கரிசல் மண்ணைப் பத்தியும் விவரமாச் சொல்ல எழுதி வெச்சிருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டறாங்க. ஒண்ணே ஒண்ணு: பல்லடம், உடுமலைக் கரிசக்காட்டுல கட்டறவங்க கடைக்கால் தோண்டறதுக்கு முன்னால மண் பரிசோதனை பண்ணிடுங்க. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கற மண்ணுங்க அது. வணக்கம்.