மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நிமிடம் ஆன கதை

(திரையில்: சுழலும் இசைத்தட்டு, அதன் மேல் இறங்கும் ஊசி)

பழைய ஹிட் பாட்டுக்கு டிஸ்கோ ரீமிக்ஸ் போடுவது என்றால் என்ன? அடியில் ஒரு டிரம்ஸை ஓடவிட்டு, மேலே பழைய குரலை ஒட்டிவிட வேண்டியதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். யூடியூபில் கிடைப்பதில் நிறைய அந்த ரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலையை உருவாக்கியவர்கள் புதிதாக எதையும் பெரிதாகச் சேர்க்கவில்லை. இருப்பதை நிறுத்தினார்கள், நீட்டினார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுவும் பாதி திட்டமிட்டு, பாதி வேறு வழியில்லாமல்.

1970-களின் தொடக்கம். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவில் சாண்ட்பைப்பர் என்று ஒரு நடன விடுதி. மாடலிங் செய்துகொண்டிருந்த டாம் மோல்டன் அந்தத் தீவுக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆடுகிறவர்களுக்குச் சூடு பிடிக்கிற நேரத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த பாட்டு வேறு வேகத்தில் தொடங்க, ஆட்டம் கலைகிறது. அவர் வீட்டில் உட்கார்ந்து டேப்பை வெட்டி ஒட்டி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இடைவெளியே இல்லாத 45 நிமிட டேப் ஒன்றைத் தயாரித்தார். அதற்கு 80 மணி நேரம் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, பாட்டுகள் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்தன? ஏழு இன்ச் இசைத்தட்டில் அவ்வளவுதான் இடம்.

(திரையில்: தட்டின் பள்ளங்கள், பெரிதாக்கிய படம்)

இந்தப் பள்ளத்தைப் பாருங்கள். பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, வரும் இடத்தில் பள்ளம் அகலமாக வளைந்து வளைந்து போகிறது. சத்தம் கூடினால் வளைவும் கூடும். அப்படியானால் பக்கத்துப் பள்ளத்தை இன்னும் தள்ளிப் போட வேண்டும். நீளமான பாட்டு, கனத்த பேஸ், நல்ல சத்தம் மூன்றும் ஒன்றாக ஒரு சின்னத் தட்டில் அடங்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். வானொலிக்காரர்கள் நீளத்தை விட்டுக்கொடுத்தார்கள். டிஸ்கோவுக்கோ மூன்றும் வேண்டும்.

தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. மோல்டன் ஒருநாள் தன் மிக்ஸைத் தட்டில் வெட்டப் போகிறார். தட்டில் பள்ளங்களைச் செதுக்கும் கட்டிங் இன்ஜினியர் ஹோசே ரோட்ரிகஸிடம் ஏழு இன்ச் வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. இருந்தது பத்து இன்ச் தட்டு. அவ்வளவு பெரிய தட்டில் பாட்டு ஓரமாக ஒரு மெல்லிய வளையம் போலக் கிடந்தால் நன்றாக இருக்குமா? பள்ளங்களைப் பரப்பிப் போடுங்கள் என்றார் மோல்டன். பரப்பியதும் சத்தத்தையும் ஏற்ற முடிந்தது. கேட்டதும் இருவருக்கும் புரிந்துவிட்டது. அடுத்தது பன்னிரண்டு இன்ச். 1976-இல் சால்சோல் இசைத்தட்டு நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டைப் பன்னிரண்டு இன்ச் தட்டில் கடைகளுக்கே கொண்டுவந்தது. வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே செய்த மிக்ஸ் அது, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். டிஸ்கோ பாட்டின் நடுவில் எல்லாக் கருவியும் நின்று, வெறும் டிரம்ஸும் கையால் தட்டும் காங்கா டிரம்மும் மட்டும் ஓடும் பகுதியைக் கேட்டிருப்பீர்கள். பிரேக் என்பார்கள். அது எப்படி வந்தது?

டான் டவுனிங்கின் 'ட்ரீம் வேர்ல்ட்' என்ற பாட்டை மோல்டன் நீட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் பாதி வழியில் சுருதி மேலே ஏறிவிடும். நீட்டுவதற்காக முன்பகுதியை மறுபடி ஒட்டினால், மேல் சுருதியிலிருந்து தடாலென்று கீழே விழும். காது உடனே கண்டுபிடித்துவிடும். என்ன செய்வது? சுருதி இருக்கும் கருவிகளை எல்லாம் நிறுத்திவிட்டார். பியானோ போனது, கிதார் போனது, பேஸும் போனது. தாளம் மட்டும் ஓடுகிறது. தாளத்துக்கு இந்தச் சுருதிச் சிக்கல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காது பழைய சுருதியை மறந்துவிடும். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகக் கீழ்ச் சுருதியில் திரும்பக் கொண்டுவந்தார். ஒட்டை மறைக்கச் செய்த வேலை, ஆடுகிறவர்களுக்கு உச்சக்கட்டமாக ஆகிவிட்டது!

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் வாசித்த டிரம்மர் ஏர்ல் யங். 1973-இல் 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் நாலு எண்ணிக்கையிலும் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும்படி அடித்தார், இடையிடையே ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டைத் திறந்து மூடினார். டும்-ட்ஸ், டும்-ட்ஸ். டிஸ்கோவின் நடை அதுதான். ஃபங்க் என்ற இன்னொரு நடன இசை வேறு ஆள். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் முதல் அடியில்தான் முழு அழுத்தம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் பிசகிப் பிசகி விழும். டிஸ்கோவுக்கு யாரும் ஆடலாம். ஃபங்குக்கு இடுப்பில் கொஞ்சம் சரக்கு வேண்டும்.

பழைய பாட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். 'ரீச் அவுட் ஐல் பி தேர்', 1966-இல் மோட்டவுன் நிறுவனத்தின் ஃபோர் டாப்ஸ் பாடியது. பதற்றமான பாட்டு, ஏறக்குறைய ஒரு கதறல். 1975-இல் குளோரியா கேய்னர் தன் முதல் ஆல்பத்தில் அதைப் பாடினார். தட்டின் முதல் பக்கத்தில் 'ஹனி பீ', 'நெவர் கேன் சே குட்பை', பிறகு இது. மூன்றும் இடைவெளி இல்லாமல் சுமார் 19 நிமிடம் ஓடும்படி கோத்தவர் அதே மோல்டன். கேய்னர் முதலில் கேட்டபோது, தான் பாடுவது ரொம்பக் குறைந்துவிட்டதே என்றுதான் சொன்னாராம். நியாயமான வருத்தம்தான். டிஸ்கோ ரீமிக்ஸில் பாடகர் விருந்தாளி, தாளம்தான் வீட்டுக்காரர்.

டிஸ்கோ யாரையும் விட்டுவைக்கவில்லை. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியை வால்டர் மர்ஃபி 1976-இல் டிஸ்கோவாக்க, அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பீத்தோவன் அந்த நாலு சுரத்தை முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் மிரட்டல். டிஸ்கோவில் தாளம் நிற்காதே! மிரட்டல் போய் ஜாலியாகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்டால் கால் ஆடும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. நெதர்லாந்தில் ஒரு கள்ளத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் முதல் பலருடைய பாட்டுகளை டிஸ்கோ தாளத்தில் துண்டு துண்டாகக் கோத்தது. தன்னிடம் உரிமை இருந்த பாட்டும் அதில் இருப்பதைக் கேட்ட வில்லெம் வான் கூட்டன் என்ற இசைப் பதிப்பாளர், இதை நாமே முறையாகச் செய்யலாமே என்று யோசித்தார். ஆனால் பீட்டில்ஸின் அசல் ஒலிப்பதிவு எளிதில் கிடைக்குமா? பாட்டை எழுதியதற்கான உரிமை வேறு, பதிவு செய்த ஒலிக்கான உரிமை வேறு. முதலாவது கிடைத்தால் வேறு ஆளை வைத்துப் பாடிவிடலாம். அப்படியே லெனன் போலவும் மெக்கார்ட்னி போலவும் பாடக்கூடியவர்களைப் பிடித்தார்கள். 'ஸ்டார்ஸ் ஆன் 45', 1981-இல் அமெரிக்காவில் முதலிடம். உள்ளே இருக்கும் பாட்டுகளின் பெயரை எல்லாம் தலைப்பிலேயே போட வேண்டியிருந்ததால் தலைப்பு மட்டும் 41 சொல்! தமிழ் சினிமாவில் ரீமிக்ஸ் என்று வந்தவற்றிலும் பல இப்படி மறுபடி பாடப்பட்டவைதான். 2007 'பில்லா'வின் 'மை நேம் இஸ் பில்லா' ஓர் எடுத்துக்காட்டு.

(திரையில்: கணினித் திரையில் ஓர் ஒலி அலை, அதன் மேல் சமமான கோடுகள்)

இன்று வீட்டிலிருந்து இதைச் செய்கிறவர்களுக்கு முதல் தலைவலி வேகம். 1960-களில் பெரும்பாலும் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு யாரும் வாசிக்கவில்லை. பல்லவியில் உற்சாகம் வந்தால் வேகம் கொஞ்சம் ஏறும், சரணத்தில் இறங்கும். கணினி கொடுக்கும் தாளமோ கடிகாரம். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் குதிரை நடைபோலக் கேட்கும். மென்பொருளில் ஒவ்வோர் அடியையும் பிடித்துக் கோட்டுக்கு இழுக்கலாம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் இழுக்கக் கூடாது. பழைய டிரம்மரின் போக்கிற்குப் புதிய கிக்கை நகர்த்துங்கள். உழைப்பு அதிகம், ஆனால் பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது குரலைப் பிரிப்பது. டீசர் என்ற இணைய இசைச் சேவை நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற கருவியை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, கலந்துபோன பதிவிலிருந்து குரலையும் டிரம்ஸையும் பிரிப்பது யாருக்கும் கைக்கெட்டியதாகிவிட்டது. பிரித்த குரலில் தண்ணீருக்கடியில் பாடுவது போன்ற ஒரு சலசலப்பு இருக்கும். அதன் மேல் ஹை-ஹேட்டை ஓடவிட்டு மறைப்பார்கள்.

அனுமதியோடு அசல் குரலை வைத்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2002-இல் வந்த, ஜேஎக்ஸ்எல் என்ற இசைக்கலைஞரின் ரீமிக்ஸைக் கேளுங்கள். எல்விஸ் பிரெஸ்லி 1968-இல் பாடிய 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்'. முதலில் நைக்கியின் உலகக் கோப்பை விளம்பரத்துக்காக வந்தது, பிறகு பிரிட்டனில் நாலு வாரம் முதலிடம். முதலில் அசலைப் போடுங்கள், உடனே ரீமிக்ஸ். எல்விஸ் எத்தனை இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி, கமெண்டில் போடுங்கள்.